சக்கரத்துக்குக் கீழே என்ன இருக்கிறது?

சென்னைப் பாலவாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து (ஈசிஆர்) கடலை நோக்கித் திரும்பும் தெருவில் போனால், ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே ஐந்தாறு விதமான தரைகள் வந்துவிடும். பிரதான சாலையில் தார். அதன் ஓரத்தில் பேவர் பிளாக். தெருவுக்குள் நுழைந்தால் சிமெண்ட் ரோடு. நடுவே குழாய்க்கோ கேபிளுக்கோ வெட்டி, ஜல்லி போட்டு மூடிய நீளமான தழும்பு. பாதாளச் சாக்கடை மூடி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும், இன்னொன்று உள்வாங்கியிருக்கும். கடல் நெருங்க நெருங்க இரண்டு ஓரங்களிலிருந்தும் மணல் ஏறிவரும். கடைசியில் ரோடு எங்கே முடிகிறது, கடற்கரை எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுச் சொல்ல முடியாது. ஸ்கூட்டரில் போகிறவரின் கை அந்த இடத்தில் தானாகவே ஆக்சிலேட்டரைத் தளர்த்திவிடும். மணல் என்று மனம் சொல்வதற்கு முன் உடம்பு அறிந்துகொள்கிறது.

கணினி விளையாட்டில் ஓடும் வண்டிக்கு இந்த அறிவை யாராவது எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு சக்கரத்துக்கும், ஒவ்வொரு நொடியும் பலமுறை, ‘உனக்குக் கீழே இருப்பது தாரா, சிமெண்டா, மணலா?’ என்ற கேள்விக்கு ஸ்கிரிப்ட் பதில் வைத்திருக்க வேண்டும். வண்டியின் உருவத்தை வடிக்கும் கலையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். தரையை அறியும் இந்தக் கலையைப் பற்றித் தமிழில் பேச்சே இல்லை. இவ்வளவுக்கும் நம் இளைஞர்கள் இந்தத் துறைக்கு வெளியே நிற்கவில்லை. இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் 2017இல் கொண்டுவந்த ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’வில் தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளும் ஆம்னி பஸ்களும் மாட்களாக, அதாவது ரசிகர்களே செய்து சேர்த்த மாற்றங்களாக, ஓடுகின்றன. செக் நாட்டின் எஸ்சிஎஸ் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ‘யூரோ டிரக் சிமுலேட்டர் 2’இலும் நம்மூர் வண்டிகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். பெயிண்ட், ஹாரன், பெயர்ப்பலகை எல்லாம் அச்சு அசல். வண்டி நம்முடையதாகிவிட்டது. அது ஓடும் தரை இன்னும் நம்முடையதாகவில்லை. இதுவரை உலகில் கையாளப்பட்ட முறைகள் என்ன, அவற்றில் எது பாலவாக்கம் போன்ற ஓர் ஊருக்குப் பொருந்தும் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில், தரையின் வகையைக் கேட்கும் ஸ்கிரிப்ட் அதை வைத்து என்ன செய்யப்போகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு வேண்டியவை மூன்று எண்கள்: டயருக்குக் கிடைக்கும் பிடி, சக்கரம் உருளும்போது தரை காட்டும் எதிர்ப்பு, தரையின் மேடுபள்ளம். சத்தம், புழுதி, டயர் தடம் எல்லாம் இவற்றுக்குப் பிறகு வருபவை, எளிதில் செய்துவிடக்கூடியவை.

பிடியை உராய்வுக் கெழுவால் சொல்வார்கள். காய்ந்த தார் ரோட்டில் நல்ல டயருக்கு அது சுமார் 0.7இலிருந்து 0.9 வரை இருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 0.7 பிடியில் பிரேக் போட்டால் ஏறக்குறைய 20 மீட்டரில் நிற்கும். பிடி 0.35 ஆகப் பாதியானால் 40 மீட்டர் ஆகும். இந்தியச் சாலைப் பேராயம் சாலைகளை வடிவமைக்கும்போது, பிரேக் தூரத்துக்கு 0.35 முதல் 0.40 வரையிலும், வளைவில் பக்கவாட்டுப் பிடிக்கு 0.15 என்றும்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 50 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவில் 0.15 என்று கொண்டால் பாதுகாப்பான வேகம் மணிக்குச் சுமார் 31 கிலோமீட்டர். 0.7 என்று கொண்டால் 67. ரோடு போடும் பொறியாளர் தேய்ந்த டயரையும் மழையையும் பயணிகளின் சௌகரியத்தையும் மனத்தில் வைத்துக் கணக்குப் போடுகிறார். விளையாட்டு எழுதுகிறவர் அந்த 0.15ஐ அப்படியே எடுத்துப் போட்டால், சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும் ஈசிஆரிலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். பொறியியல் கையேட்டிலிருந்து எண் எடுக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது எண், உருளும்போது வரும் எதிர்ப்பு. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நல்ல தாரில் இது வண்டி எடையில் ஒன்று, ஒன்றரைச் சதவீதம். தளர்ந்த மணலில் பத்து முதல் முப்பது சதவீதம் வரை போகும். 1000 கிலோ காருக்குத் தாரில் சுமார் 150 நியூட்டன் இழுவை என்றால், 20 சதவீத எதிர்ப்புள்ள மணலில் அதே கார் சுமார் 2000 நியூட்டனை எதிர்த்துப் போராட வேண்டும். அதனால்தான் கடற்கரை மணலில் இறங்கிய கார் புதைந்து நிற்கிறது. மணல் என்றதும் ஸ்கிரிப்டில் பிடியை மட்டும் குறைத்து வைத்தால் கார் பனிக்கட்டிமேல் போவதுபோல் சறுக்கிக்கொண்டு போகும். மணலில் நடப்பது வேறு. வேகம் செத்துவிடும், சக்கரம் சுற்றும், வண்டி நகராது. பார்த்த மாத்திரத்தில் பொய் என்று தெரிந்துவிடும் மணல்கள் எத்தனையோ விளையாட்டுகளில் இருக்கின்றன. அவற்றில் விடுபட்டது பெரும்பாலும் இந்த இரண்டாவது எண்தான்.

மூன்றாவதான மேடுபள்ளத்தைப் பிறகு பார்க்கலாம். அதில் ஒரு நுட்பமான சிக்கல் இருக்கிறது.

இனி அறியும் முறைகளுக்கு வருவோம். மிகப் பரவலான முறை, சக்கரத்தின் நடுவிலிருந்து கீழ்நோக்கி ஒரு கோட்டைச் செலுத்துவது. ரேகாஸ்ட் என்று சொல்லப்படும் இந்தக் கோடு எதில் முட்டுகிறதோ அதன் அடையாளத்தைக் கொண்டுவந்து தரும். யூனிட்டி என்ற கேம் இன்ஜினில் சக்கரத்துக்கென்றே இருக்கும் வீல் கொலைடர் என்ற கூறு இந்த வேலையைத் தானே செய்கிறது. ஒவ்வொரு சக்கரமும் எந்தப் பொருளைத் தொடுகிறது, எந்தப் புள்ளியில், முன்பின்னாக எவ்வளவு வழுக்குகிறது, பக்கவாட்டில் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் புதியவர்கள் தவறாமல் தடுக்கி விழும் ஓர் இடம் இதில் உண்டு. ரோட்டுக்கு ஒரு பிசிக்ஸ் மெட்டீரியலைப் போட்டு அதில் உராய்வைக் குறைத்துவிட்டு, வண்டி ஏன் வழுக்கவில்லை என்று தலையைச் சொறிவார்கள். வீல் கொலைடர் அந்த மெட்டீரியலின் உராய்வைக் கண்டுகொள்வதே இல்லை. அது தன் சொந்த உராய்வு வளைகோட்டை வைத்துத்தான் பிடியைக் கணக்கிடுகிறது. தரை மாறும்போது அந்த வளைகோட்டை ஸ்கிரிப்ட்தான் மாற்றிக் கொடுக்க வேண்டும். மெட்டீரியல் வெறும் பெயர்ப்பலகை. படித்துப் பார்த்து முடிவெடுப்பது நம் பொறுப்பு.

அன்ரியல் இன்ஜினில் பிசிக்கல் மெட்டீரியலுடன் ‘சர்ஃபேஸ் டைப்’ என்ற பட்டியலும் வருகிறது. 62 வகைகளை நாமே பெயரிட்டு வைத்துக்கொள்ளலாம். இலவசமாகக் கிடைக்கும் கோடோட் இன்ஜினில் சக்கரம் எந்தப் பொருளைத் தொடுகிறது என்று கேட்கலாம். பெயர்ப்பலகையைத் தொங்கவிடும் வேலை முழுக்க நம்முடையது. கல்லூரி மாணவருக்கு அது போதும்.

கோடு செலுத்தும் முறைக்கு ஒரு குறை உண்டு. சக்கரத்துக்கு அகலம் இருக்கிறது, கோட்டுக்கு இல்லை. பேவர் பிளாக்கின் இடுக்கில் கோடு இறங்கினால் சக்கரம் பள்ளத்தில் விழுந்ததாகக் கணக்கு வரும். ஊசிமுனைக்கும் டயருக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட, கோட்டுக்குப் பதிலாக ஒரு கோளத்தையோ உருளையையோ கீழே இறக்கிப் பார்ப்பார்கள். செலவு கொஞ்சம் கூடும். காருக்கு இது தேவைப்படாமலும் போகலாம். இருசக்கர வண்டிக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

அடுத்த சிக்கல், ஒரே பொருளுக்குள் பல தரைகள் இருப்பது. ஊர் முழுவதையும் முக்கோணங்களால் ஆன ஒரே மெஷ்ஷாகச் செய்துவிட்டால், கோடு முட்டியது ‘ஊர்’ என்று மட்டும்தான் பதில் வரும். அப்போது எந்த முக்கோணத்தில் முட்டியது என்று கேட்டு, அந்த முக்கோணத்துக்கு எந்த மெட்டீரியல் என்று தேட வேண்டும். நிலப்பரப்பைத் தூரிகையால் தீட்டி உருவாக்கும் டெரெய்ன்களில் முக்கோணம்கூட உதவாது. ஒவ்வொரு புள்ளியிலும் புல் 30 சதவீதம், மண் 70 சதவீதம் என்று கலவை எடைகள் இருக்கும். சக்கரம் நிற்கும் இடத்தின் எடைகளை யூனிட்டியில் படித்து, மூன்று எண்களையும் அந்த விகிதத்தில் கலந்துகொள்ளலாம். இந்த எடைகளின் வரைபடம் முழுவதையும் ஒவ்வொரு பிரேமிலும் படித்தால் போன் திணறும். ஆரம்பத்தில் ஒருமுறை படித்து நினைவில் வைத்துக்கொள்வதுதான் வழி. அன்ரியலின் லேண்ட்ஸ்கேப், எடை அதிகமுள்ள அடுக்கின் பெயரை மட்டும் சொல்லும். மணல் மெல்ல மெல்ல ஏறிவரும் பாலவாக்கத் தெருவுக்கு இந்த ‘எவன் பெரியவனோ அவனே எல்லாம்’ முறை ஒத்துவராது. ஓர் அடி தூரத்தில் முழுத் தாரிலிருந்து முழு மணலுக்குத் தாவிவிடும்.

முக்கோணத்துக்கு முக்கோணம் தரை வகையை எழுதிவைக்கும் முறையை உச்சத்துக்குக் கொண்டுபோனது, சென்னைப் பிரவுசிங் சென்டர்களில் ஒரு தலைமுறையே விளையாடிய ஜிடிஏ வரிசை. 2002இல் வந்த ‘வைஸ் சிட்டி’யில் தரைகளைச் சில குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கும் குழுவுக்கும் இடையிலான பிடியை ஓர் அட்டவணையாக, யாரும் திறந்து திருத்தக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்பில் வைத்திருந்தார்கள். 2004இல் வந்த ‘சான் ஆண்ட்ரியாஸ்’ இதை 179 தரை வகைகளாக விரித்தது. ஒவ்வொரு வகைக்கும் டயர் பிடி, ஈரத்தில் அந்தப் பிடி எவ்வளவு மாறும், என்ன தடம் பதியும், சக்கரம் புழுதியைக் கிளப்புமா, மணலைக் கிளப்புமா, வண்டியில் அழுக்கு ஏறுமா என்று ஒரு வரி முழுக்கக் கட்டங்கள். மணல் மட்டும் எத்தனை வகை: ஆழமான மணல், நடுத்தர மணல், இறுகிய மணல், வறண்ட மணல், கடற்கரை மணல். தாரிலும் நல்ல தார், பழுதான தார், படுமோசமாகப் பழுதான தார் உண்டு. ஒரு கற்பனை அமெரிக்க மாநிலத்தின் தரையை இருபது வருடங்களுக்கு முன்பே இவ்வளவு பொறுமையாகப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்கள். இந்தக் கோப்பை ஒருமுறை திறந்து படித்துவிட்டு நம் தெருவில் நடப்பதை நான் ஒரு நல்ல பயிற்சியாகவே சொல்வேன். எந்தெந்த வரிகள் நமக்குப் பொருந்தும், எந்த வரி இல்லவே இல்லை என்பது நடக்க நடக்கப் புரியும்.

இந்த விளையாட்டுகளுக்கு வெளியிலிருந்து ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. சான் ஆண்ட்ரியாஸை இணையத்தில் கூட்டமாக விளையாட வைக்கும் ‘மல்டி தெஃப்ட் ஆட்டோ’வில், செலுத்திய கோடு முட்டிய தரையின் வகை எண்ணும் விடையோடு சேர்ந்து வரும். ஜிடிஏ 5க்கான ஃபைவ்எம்மில் இன்னும் நேரடியாக, இந்த வண்டியின் இந்தச் சக்கரம் எந்தத் தரையில் இருக்கிறது என்றே கேட்கலாம். ஏற்கெனவே தொடும் கணக்கை இன்ஜின் போட்டு வைத்திருக்கும்போது மறுபடியும் கோடு செலுத்துவது வீண்செலவு. கேட்க வழியிருந்தால் கேட்டுவிட வேண்டும்.

பந்தய விளையாட்டுகள் வேறு பாதையில் போயிருக்கின்றன. இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ‘அசெட்டோ கோர்சா’வில் தரையை அறிய மெஷ்ஷின் பெயரே போதும். பெயரின் தொடக்கத்தில் ஓர் எண்ணும், ரோடு, புல், மணல் என்று ஒரு சொல்லும் இருக்கும். அந்தச் சொல்லுக்குரிய பிடியும் அதிர்வும் ஒரு கோப்பில் இருக்கும். எளிமையான முறை, ஆனால் மாடலிங் செய்கிறவர் பெயரில் ஓர் எழுத்தைப் பிழையாக அடித்தால் அந்தத் துண்டு ரோடே கணக்கில் வராது. திறந்த மூலநிரலான ‘டார்க்ஸ்’ பாதையைச் சிறுசிறு கண்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உராய்வு, உருளும் எதிர்ப்பு, முரட்டுத்தன்மை, அந்த முரட்டுத்தன்மையின் அலைநீளம் என்று எழுதிவைக்கிறது. வண்டி எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்பது ஏற்கெனவே தெரியும் என்பதால் கோடே வேண்டாம். வாகனத் தொழிலில் பயன்படும் ‘ஓப்பன்டிரைவ்’ சாலை வடிவத்திலும் ஒவ்வொரு தடத்துக்கும் இத்தனை மீட்டரிலிருந்து இந்தப் பொருள், இந்த உராய்வு என்று எழுத இடமுண்டு. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு இந்த முறை அருமையாகப் பொருந்தும். அங்கே ரோடு ரோடாக இருக்கும், ஓரம் ஓரமாக இருக்கும். பாலவாக்கத்துக்குப் பொருந்தாது. நம் தெருவில் தரை நீளவாக்கில் மட்டும் மாறுவதில்லை, குறுக்குவாக்கிலும் மாறுகிறது.

மேடுபள்ளத்தில் உள்ள சிக்கல் என்று மேலே சொன்னது இதுதான். யூனிட்டி இயற்பியல் கணக்கை வழக்கமாக நொடிக்கு 50 முறை போடுகிறது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 20 மீட்டர் போகும். அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவே 40 சென்டிமீட்டர் ஓடிவிடும். வேகத்தடைக்கு முன் போடப்படும் பட்டைகள் அந்த இடைவெளிக்குள் மறைந்தே போகலாம். சில பட்டைகள் தட்டும், சில தட்டாது. விளையாடுகிறவருக்கு அது கோளாறாகத் தெரியும். ஆகவே சிறிய மேடுபள்ளங்களை உண்மையான வடிவமாகச் செய்யாமல், தரை வகையோடு ஓர் அலைநீளத்தையும் உயரத்தையும் சேர்த்து வைத்து, சக்கரம் ஓடிய தூரத்தைக் கொண்டு அதிர்வை உண்டாக்குகிறார்கள். டார்க்ஸில் அலைநீளம் எழுதப்பட்டிருப்பது இதற்காகத்தான். அசெட்டோ கோர்சாவும் தன் தரைக் கோப்பில் இதேபோல் ஓர் அலையின் உயரத்தையும் நீளத்தையும் வைத்திருக்கிறது. வேகம் கூடினால் அதிர்வு தானாக நெருங்கும். பேவர் பிளாக் மேல் போகும்போது வரும் அந்தத் தடதட ஒலிக்கும் இதே கணக்கே போதும்.

தரையைக் கேட்காமல், வண்டி ஆடுவதை வைத்தே தரையை ஊகிக்க முடியுமா? இந்தத் திசையில் அழகான வேலை நம் பக்கத்து ஊரில் நடந்திருக்கிறது. 2008இல் பெங்களூரின் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சி மையத்தில் ‘நெரிசெல்’ என்ற ஆய்வை வெளியிட்டார்கள். பையில் கிடக்கும் செல்போனின் முடுக்கமானியைக் கொண்டு குழியையும் பிரேக்கையும், மைக்கைக் கொண்டு ஹாரனையும் கண்டறிய முயன்றது அது. போன் எப்படிக் கவிழ்ந்து கிடந்தாலும் மேல் எது, கீழ் எது என்று அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். குழியை அறிய வேகத்துக்கேற்ற இரண்டு முறைகளை வைத்திருந்தார்கள். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போனால் திடீர்க் குலுக்கலைத் தேடுவது. அதற்குக் கீழே, சில மில்லிநொடிகள் நீடிக்கும் சரிவைத் தேடுவது. நம் ஊர் நெரிசலில் வண்டி குழிக்குள் மெல்ல இறங்கி ஏறுகிறது என்பதை அறிந்தவர்களுக்குத்தான் அந்த இரண்டாவது முறை தோன்றும். அதே ஆண்டு அமெரிக்காவில் எம்ஐடி ஆய்வாளர்கள் பாஸ்டன் டாக்சிகளில் கருவி பொருத்திக் குழிகளைத் தேடினார்கள்.

பார்வை வழியாகவும் முயன்றிருக்கிறார்கள். ஹைதராபாத் ஐஐஐடி 2018இல் இன்டெல்லுடன் சேர்ந்து இந்தியச் சாலைகளின் படத்தொகுப்பு ஒன்றை உருவாக்கியது. 10,000க்கும் மேற்பட்ட படங்கள், 34 வகை அடையாளங்கள். அதில் ரோட்டைத் தவிர, ‘ரோடு இல்லை, ஆனால் வண்டி போகலாம்’ என்ற பொருளில் ஒரு தனி வகையையும் வைத்தார்கள். ஐரோப்பியத் தொகுப்புகளில் ரோட்டுக்கு ஒரு விளிம்பு இருக்கும். நம் ரோட்டின் விளிம்பு மண்ணில் கரைந்துவிடும். அந்த ஒரு வகையைச் சேர்த்ததை நான் பெரிய விஷயமாக மதிக்கிறேன். நம் தரையைப் பார்த்து, அதற்கேற்பப் பட்டியலை மாற்றியிருக்கிறார்கள். விளையாட்டுக்கும் இந்த வேலை பாக்கி இருக்கிறது.

அதிர்வை வைத்து ஊகிக்கும் முறை, விளையாடுகிறவரின் வண்டிக்குத் தேவையில்லை. தரையை உருவாக்கியவர்களே அதை அறிவார்கள். ஆனால் கணினி ஓட்டும் பஸ்ஸும் ஆட்டோவும் இயல்பாக ஓட வேண்டுமானால், சக்கரத்துக்குக் கீழே மட்டும் கோடு செலுத்தினால் போதாது. வண்டிக்கு முன்னால், அதன் பிரேக் தூரத்துக்குச் சமமான தொலைவில் இன்னொரு கோட்டை இறக்கிப் பார்க்க வேண்டும். ஓட்டுநர் மணலைப் பார்த்துவிட்டு வேகம் குறைப்பவர், மணலில் இறங்கியபின் குறைப்பவர் இல்லை.

இப்போது இந்த முறைகள் எல்லாம் தொடாமல் விட்ட இடத்துக்கு வருகிறேன். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை, ஒரு புள்ளியில் ஒரு தரை என்று எடுத்துக்கொள்கின்றன. பாலவாக்கத்தில் அப்படி இல்லை. சிமெண்டின் மேல் விரல்கடை மணல். மணலின் மேல் மழைத்தண்ணீர். இது சிமெண்டா, மணலா, தண்ணீரா? இறுகிய தரைமேல் படிந்த மெல்லிய மணல் சக்கரத்தை இழுக்காது, ஆனால் பிடியைப் பறித்துவிடும். முழங்கால் புதையும் மணலின் குணத்துக்கு நேர்மாறு இது. இரண்டுக்கும் ‘மணல்’ என்று ஒரே பெயர் வைத்தால் இரண்டில் ஒன்று பொய்யாகிவிடும். திருப்பத்தில் ஸ்கூட்டரைக் கீழே தள்ளுவது அந்த மெல்லிய மணல்தான்.

மழையும் அப்படியே. இந்தக் கரையோர மணல் பூமி தண்ணீரைச் சீக்கிரம் குடித்துவிடும். அதன்மேல் போட்ட சிமெண்ட் குடிக்காது. அதனால் ஒரே தெருவில் ஈரம் ஒரே மாதிரி இருக்காது. மழை வந்ததும் ஊர் முழுவதற்கும் பிடியை ஒரே அளவு குறைக்கும் ஸ்கிரிப்ட் இங்கே பொருந்தாது. நீர் தேங்கிய ரோட்டில் டயர் தரையை விட்டு மிதக்கும் வேகத்துக்கு, நாசாவின் வால்டர் ஹார்னும் அவர் சகாவும் 1963இல் ஒரு சூத்திரம் தந்தார்கள். காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது அது. 30 பிஎஸ்ஐ காற்றுள்ள டயருக்கு ஏறத்தாழ மணிக்கு 90 கிலோமீட்டர் வருகிறது. ஈசிஆரின் அகலமான பகுதிகளில் எட்டக்கூடிய வேகம்தான் அது. நீரின் ஆழம் தெரியாத ஸ்கிரிப்டால் இதை எழுதவே முடியாது.

ஆழத்தைக் கணக்கில் கொண்டவர்கள் இருக்கிறார்கள். ‘பீம்என்ஜி’ விளையாட்டில் ஒவ்வொரு தரைக்கும் நிற்கும்போது உள்ள உராய்வு, வழுக்கும்போது உள்ள உராய்வு ஆகியவற்றோடு, அதன் மேல் படிந்த தளர்ந்த பொருளின் ஆழமும், அது பாயும் தன்மையும் எழுதப்படுகின்றன. மணலையும் சேற்றையும் கெட்டியான ஒரு திரவமாகவே அது நடத்துகிறது. ‘ஸ்பின்டயர்ஸ்’, ‘ஸ்னோரன்னர்’ ஆகியவற்றில் சேறு சக்கரத்துக்கு அடியில் உருமாறி, போன தடம் தடமாகவே கிடக்கும். இவை கணினிக்கு வேலை வைக்கும் முறைகள். சாதாரண போனில் ஓடும் பஸ் விளையாட்டுக்கு இவ்வளவு வேண்டாம்.

என் முடிவு இது. தரையை ஒரு பெயராக வைக்காமல் மூன்று அடுக்குகளாக வைக்க வேண்டும்: அடித்தளம், அதன் மேல் படிந்தது, ஈரம். அடித்தளத்தை வழக்கம்போல் சக்கரத்தின் தொடுபுள்ளியிலிருந்து மெட்டீரியல் பெயராக எடுத்துக்கொள்ளலாம். மற்ற இரண்டுக்கும் ஊரை மேலிருந்து பார்த்துத் தீட்டிய ஒரு படம் போதும். ஒரு நிறத்தில் மணலின் கனம், இன்னொன்றில் தண்ணீரின் ஆழம், மூன்றாவதில் தளர்ந்த ஜல்லி. ஒரு சதுர கிலோமீட்டருக்கு மீட்டருக்கு ஒரு புள்ளி என்று வைத்தால் பத்து லட்சம் புள்ளிகள், சுமார் 4 எம்பி. அரை மீட்டருக்கு ஒன்று என்றால் 16 எம்பி. இதை எந்தப் போனும் தாங்கும். சக்கரத்தின் இருப்பிடத்தை வைத்துப் படத்தில் ஒரு புள்ளியைப் படிப்பதற்கு, கோடு செலுத்துவதைவிடக் குறைந்த செலவே ஆகும். மழை பெய்தால் தண்ணீர் நிறத்தைக் கூட்டலாம். காற்று வீசினால் மணல் நிறத்தை நகர்த்தலாம்.

செய்முறையில் இரண்டு எச்சரிக்கைகள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியே கேட்க வேண்டும். இடப்பக்கச் சக்கரங்கள் ஓரத்து மணலிலும் வலப்பக்கச் சக்கரங்கள் தாரிலும் இருக்கும்போது பிரேக் போட்டால் கார் வலப்பக்கம் இழுக்கும். ஏபிஎஸ் சோதனைக்கு இப்படிப்பட்ட இருவகைத் தடங்களைத் தனியாகவே அமைக்கிறார்கள். நம் தெருவில் அது தினசரிக் காட்சி. இன்னொன்று, தரையின் எல்லையில் வகை மாறி மாறித் துடிக்கும்போது சத்தமும் விட்டுவிட்டுக் கேட்கும். அதற்காகப் பிடியையும் சேர்த்து மந்தமாக்கிவிடக் கூடாது. பிடி உடனே மாறட்டும். சத்தமும் புழுதியும் அரை மீட்டர் ஓடியபின் மாறட்டும்.

அட்டவணையில் நம் வரிகள் சேர வேண்டும். சென்னைக்காரர்கள் எல்லோரும் அறிந்த ஒரு தரை எந்த விளையாட்டிலும் நான் கண்டதில்லை: மில்லிங் செய்த ரோடு. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய தார் போட வேண்டும் என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். ரோடு உயர்ந்து வீடுகள் பள்ளத்தில் போவதைத் தடுக்கும் நல்ல உத்தரவு. சுரண்டியதற்கும் புதிதாகப் போடுவதற்கும் நடுவில் கிடக்கும் அந்த வரிவரியான தரையில் பைக்கின் முன்சக்கரம் தானாக ஒரு பக்கம் இழுக்கும். பிடி குறைவதோடு அந்தப் பிடிக்கு ஒரு திசையும் இருக்கிறது. வெட்டி மூடிய தழும்பு, துருத்திய மூடி, மணல் படிந்த சிமெண்ட், ஈரமான பேவர் பிளாக் எல்லாம் இதேபோல் தத்தம் வரிக்குக் காத்திருக்கின்றன. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கிய பிளாஸ்டிக் கலந்த தாருக்குக்கூட ஒரு வரி வைக்கலாம்.

தமிழ்நாட்டுப் பேருந்துகளுக்கு மாட் செய்யும் இளைஞர்களிடமும், கல்லூரித் திட்டமாக வண்டி விளையாட்டு எழுதும் மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த வண்டியைத் தொடங்கும் முன் உங்கள் தெருவின் தரை அட்டவணையை எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் பிடி, உருளும் எதிர்ப்பு, முரட்டுத்தன்மை, அலைநீளம், ஈரத்தில் ஆகும் மாற்றம் ஆகிய ஐந்தையும் நிரப்புங்கள். எழுதியதைப் பூட்டி வைக்காமல் எல்லோரும் எடுத்தாளும்படி பொதுவில் வையுங்கள். கோயம்புத்தூர்க்காரர் செம்மண்ணைச் சேர்ப்பார், ராமநாதபுரத்துக்காரர் தேரி மணலைச் சேர்ப்பார். பாலவாக்கத்து வரிகளை யாராவது இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் தொடங்கினால் ஈரத்துக்கான கட்டத்தையும் சேர்த்தே நிரப்பிவிடலாம்.